நிறையணி விழா

தாரிகா குளிக்கப் போனால் வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். அதைப் பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவள் கணவன் கவின் குளிக்கப் போனாலும் அவ்வளவு நேரம்தான். மாமியார் ஐஸ்வர்யா அம்மாளோ காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அப்போது கோயம்புத்தூரில் பூஜை அறை இல்லாத வீடு உண்டு. ஆளுக்கொரு குளியலறை இல்லாத வீடு கிடையாது. நம் மக்களுக்குச் சுத்தத்தின் மேல் திடீரென்று இவ்வளவு பற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் வெளியே சொல்லவில்லை.

அன்றைக்கும் தாரிகா தாழ்ப்பாளைப் போட்டாள். சத்தத்துக்காகக் குழாயைத் திறந்துவிட்டாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த நிறையணியைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருந்த மின்னேற்றும் தட்டில் வைத்தாள். பிறகு துண்டுகளுக்கு அடியில் கையை விட்டுப் பெரிய சோப்பு டப்பாவை எடுத்தாள்.

அதில் சோப்பு இல்லை. விருந்தாளிகளுக்கென்று வாங்கி வைத்த மைசூர்பாகு இருந்தது. அரை பாக்கெட் ரொட்டி, ஒரு பொட்டலம் காரச்சேவு, மகள் ஆதினியின் டிபன் பாக்சில் மிஞ்சிய எலுமிச்சைச் சாதம். கழிப்பறைக் கோப்பையின் மூடி மேல் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தாள். முதல் வாய் ருசித்தது. அதற்கப்புறம் ருசியெல்லாம் போய்விட்டது. கை போனது, வாய் மென்றது, அவ்வளவுதான். மைசூர்பாகையும் காரச்சேவையும் சேர்த்து வாயில் போட்டாள். காலையில் அலுவலகத்தில் பட்ட பேச்சு, கவினோடு போட்ட சண்டை, நாளைய வேலை எல்லாம் அந்த மெல்லும் சத்தத்தில் தூரமாகப் போயின. அதற்காகத்தானே இது! வயிறு வலித்தது. நிறுத்த முடியவில்லை. டப்பா காலியான பிறகுதான் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரம் மஞ்சள் சோறு ஒட்டியிருந்தது.

சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். நாளைக்குக் காலையில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று வழக்கம்போல் சத்தியம் செய்தாள். அவசரமாகத் துடைக்க எழுந்தபோது முழங்கை தட்டில் பட்டது. நிறையணி நழுவி, நிரம்பி வழிந்த வாளிக்குள் விழுந்தது. எண்ணெய்க் கையால் துழாவி எடுப்பதற்குள் அது செத்துப்போயிருந்தது.

நிறையணியைத் தெரியாத ஆள் அப்போது கிடையாது. வயிற்றுக்கும் மூளைக்கும் சேதி கொண்டுபோகும் நரம்பு ஒன்று காதோரம் ஒரு கிளை விடுகிறது. அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும் பூச்சி அளவுக் கருவி அது. இதயம் எப்படித் துடிக்கிறது, தோல் எவ்வளவு சுடுகிறது, தொண்டை இறுகியிருக்கிறதா, இரைப்பை விரிந்திருக்கிறதா என்று உடம்பை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும். மாட்டிக்கொண்டவர் வயிறு நிறைந்து ‘போதும்’ என்று சொல்லும் நொடியில் அந்த உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஒரே ஒரு முறை அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுதான் அளவுபிடித்தல். அதன் பிறகு உடம்பு அதே நிலைக்கு வரும்போதெல்லாம் காதோரம் நீல விளக்கு எரியும். நாக்கில் வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல் கசக்கும். அப்புறம் ஒரு வாய்கூட இறங்காது.

எங்கோ குளிர்தேசத்தில் இதைக் கண்டுபிடித்தவர்கள் கையேட்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். மூடிய அறை, பிடித்த சாப்பாடு, பக்கத்தில் வேறு ஆள் கூடாது, அவசரம் கூடாது. நம்மவர்கள் விடுவார்களா? பிள்ளையின் காதில் முதன்முதலாக ஒன்றை மாட்டுவதென்றால் அது விசேஷமில்லையா? தாய்மாமன் மடி வேண்டாமா, சீர்த்தட்டு வேண்டாமா, சொந்தபந்தம் வந்து பார்க்க வேண்டாமா? மூடிய அறையில் ரகசியமாக மாட்டினால் பிள்ளைக்கு ஏதோ குறை என்றல்லவா பேசுவார்கள்!

இப்படித்தான் நிறையணி விழா வந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் முன் எல்லாப் பிள்ளைக்கும் நடத்தியாக வேண்டும். மாலையும் பட்டுமாகப் பிள்ளையை மண்டப மேடையில் உட்கார வைப்பார்கள். தலைவாழை இலை விரிப்பார்கள். அத்தைமார்கள் வரிசையாக வந்து பரிமாறுவார்கள், ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளை எப்போது ‘போதும்’ என்கிறதோ அப்போது கருவியை விற்கும் நிறுவனத்தின் அளவாளர் பொத்தானை அமுக்குவார். கெட்டிமேளம்தான், கைதட்டல்தான். சீக்கிரமே போதும் என்ற பிள்ளைக்கு நல்ல பேர். ‘எவ்வளவு அடக்கம் பாருங்க’ என்பார்கள். பெண்பார்க்கும்போதுகூட, ‘பொண்ணுக்கு எத்தனை வாய்ல எரியுது?’ என்று ஜாடையாக விசாரிப்பது உண்டு. ஒருவரை ஒருவர் பார்த்தால் ‘சாப்ட்டீங்களா’ என்று கேட்கும் வழக்கமே போய், ‘நெறைஞ்சுதுங்களா’ என்று வந்துவிட்டது.

ஒரே ஒரு குறை உண்டு. சில நேரம் ஒன்றும் சாப்பிடாதபோதும் அது எரியும். வாத்தியார் திட்டினால் எரியும். நேர்முகத் தேர்வில் எரியும். வயிற்றில் காற்று சேர்ந்தால் அப்படித்தான் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. நம் ஜனங்களுக்கு ஏகப்பட்ட காற்று.

தாரிகா நிறையகம் என்ற அந்த நிறுவனத்தில் அளவாளர். எத்தனையோ பிள்ளைகளுக்கு அவள் கையால் பொத்தான் அமுக்கியிருக்கிறாள். கருவி தப்பு செய்யும் என்று ஒரு நாளும் அவள் நினைத்ததில்லை. ஊரே அளவாகச் சாப்பிட்டு நிம்மதியாக இருக்கிறது, நான் ஒருத்திதான் அடங்காத வயிற்றோடு பிறந்து தொலைத்தேன் என்றுதான் நினைத்திருந்தாள். வெளியே தெரிந்தால் வேலை போகும். அது போனால் போகட்டும். கவின் பார்க்கும் பார்வையை எப்படித் தாங்குவது?

கருவி தண்ணீரில் விழுந்துவிட்டது என்று மட்டும் அலுவலகத்தில் சொன்னாள். எப்படி விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. புதியது கொடுத்தார்கள். பழைய அளவு பழைய கருவியோடு போய்விட்டதால் மறுபடியும் அளவுபிடிக்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவளுக்கு விழா எடுத்தால் ஊர் சிரிக்கும். அதனால் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அலுவலகக் கோடியில் இருந்த அளவறைக்குள் போனாள். கையேட்டில் சொன்னபடி முதன்முதலில் கட்டிய அறை அது. அதற்கு வேலையில்லாமல் போனதால் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வாழையிலைக் கூடைகளையும் அதில் அடுக்கி வைத்திருந்தார்கள்.

நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, கொண்டுவந்த அரிசிம்பருப்புச் சாதத்தைத் திறந்தாள். நெய் மணத்தது. கதவு சாத்தியிருந்தது, யாரும் பார்க்கவில்லை. கையேடு சொன்னபடி மெதுவாகச் சாப்பிட்டாள். எந்த வாயில் கசக்குமோ என்று பயந்துகொண்டே மென்றாள். கசக்கவில்லை, கருவி இன்னும் ஒன்றும் கற்றிருக்கவில்லையே. டப்பாவில் பாதி போனது, முக்கால் போனது. ஒரு கட்டத்தில் கை தானாக நின்றது. இன்னும் சோறு இருந்தது, வேண்டும்போல் இல்லை. வயிற்றில் வெதுவெதுப்பாக, கனமாக, அமைதியாக ஏதோ இருந்தது. ‘போதும்’ என்று முணுமுணுத்துப் பொத்தானை அமுக்கினாள். உடனே அழுகை வந்துவிட்டது. எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அடிப்பாவி, ஆம்பளை சாப்பாடு சாப்பிட்டுவிட்டாயே என்ற வெட்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். நிறையணியைக் கழற்றினாள். குளித்தாள். தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கவின் ஏறிட்டுப் பார்த்தான்.

“என்ன அதுக்குள்ள வந்துட்ட? தண்ணி வரலையா?”

“வருதுங்க,” என்றாள். அப்போதுதான் சோப்பு டப்பாவைத் தொடவே இல்லை என்பது உறைத்தது.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படித்தான் போனது. மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிட்டாள். வீட்டில் மற்றவர்களுக்கெல்லாம் நான்காவது வாயில் எரிந்து அணைந்த பிறகும் அவள் ஒருத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமியார் தட்டைப் பார்ப்பாள். தாரிகாவுக்குத்தான் உடம்பெல்லாம் கூசும். ஒரு நாள் கவினோடு பெரிய சண்டை வந்து, அன்று மட்டும் டப்பாவைத் திறந்துவிட்டாள். ஆனால் மறுநாள் காலைச் சாப்பாட்டை விடவில்லை. பழைய பழக்கத்தில் விடத்தான் பார்த்தாள். அடுப்பில் தோசை வாசம் வந்தது, உட்கார்ந்துவிட்டாள். அதனால் அதற்கு அடுத்த நாள் டப்பா தேவைப்படவில்லை. பட்டினி போட்டுத் தன்னைத் தண்டிக்கும் அந்தச் சத்தியம்தான் இத்தனை வருஷமும் தன்னைக் குளியலறைக்குள் தள்ளியிருக்கிறது என்பது மெல்ல மெல்ல அவளுக்குப் புரிந்தது. பசித்த வயிறு அது. அடங்காத வயிறு இல்லை.

இது புரிந்த நேரத்தில்தான் ஆதினியின் விழாப் பத்திரிகை அச்சாகி வந்தது.

ஆதினி சாப்பிடுவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். இடியாப்பம்போல் பிழிந்த சந்தகை என்றால் உயிர். தேங்காய்ப்பாலை முழங்கை வரை வழியவிட்டு, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே சாப்பிடுவாள். வயிறு நிறைந்ததும் தட்டில் மிச்சத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடிவிடுவாள்.

“அம்மா, அத மாட்டுனதுக்கப்புறம் எனக்குச் சந்தகை புடிக்காமப் போயிருமா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் புடிக்கும் கண்ணு.”

“என் ஃப்ரெண்டு சொல்றா, மூணாவது வாய்லயே வேப்பெண்ணெய் மாதிரி ஆயிருதாம். ஆனா அவ இப்பல்லாம் ரொம்ப நேரம் குளிக்கிறா.”

தாரிகா கையிலிருந்த கரண்டி நின்றது. அந்தப் பிள்ளைக்குப் பொத்தான் அமுக்கியவள் அவள்தான். மகளுக்கும் ஒரு சோப்பு டப்பாவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் பட்டது.

மறுநாள் மேலாளர் சர்வேஷின் அறைக்குப் போனாள். நல்ல மனிதர்தான், சிரித்த முகம், மடித்துவிட்ட சட்டைக்கை.

“சார், என்ற பொண்ணுக்கு அளவறைல வச்சு அளவு புடிச்சுக்கறேனுங்க. கையேட்டுல அப்படித்தானுங்களே இருக்குது.”

“ஏனுங்க தாரிகா, நம்ம ஆபீஸ் பொண்ணுக்கே விழா இல்லீன்னா ஊருல என்ன நெனப்பாங்க? மண்டபம் சொல்லி, பத்திரிகை கொடுத்து, உங்கண்ணன் சீரெல்லாம் எடுத்து வச்சிட்டாருங்கறாங்க. இப்ப என்ன திடீர்னு?”

“மேடைல ஒக்காந்தா புள்ளைங்க வயிறு நெறையறதுக்கு முன்னாடியே போதும்னு சொல்லிருதுங்க சார். அந்த அளவுதான பதியுது. அப்புறம் காலம் பூரா பசிக்கும்.”

“யாருக்குங்க பசிக்குது? இத்தன வருஷத்துல ஒரு புகார் வந்திருக்குதா? உங்களுக்குப் பசிக்குதா?”

தாரிகாவுக்குக் காது சுட்டது, தொண்டை அடைத்தது, நெஞ்சு படபடத்தது. முன்பெல்லாம் இந்த அறையில் இப்படி நிற்கும்போது நாக்கு கசந்துவிடும். இப்போதும் அந்தக் கசப்புக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

“இல்லீங்க சார்… சிலபேரு அதக் கழட்டி வச்சிட்டு, குளிக்கிற நேரத்துல ஏதாச்சும்…” என்று மென்று விழுங்கினாள்.

சர்வேஷின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பியதில் அவர் காதோரம் நீல விளக்கு எரிவது தெரிந்தது. மேசையில் காலைக்குக் கொண்டுவந்த டிபன் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

“காத்து,” என்றார் காதைத் தடவிக்கொண்டே. “காலைலிருந்தே ஒரே காத்துங்க. நீங்க போயி வேலையப் பாருங்க.”

கவினிடம் சொல்லிப் பார்த்தாள். ‘எங்கம்மாகிட்ட நீயே பேசிக்க’ என்றான். மாமியாரிடம் சொன்னாள். ‘உனக்கென்ன பயித்தியமா கண்ணு, பத்திரிகை ஊரு பூரா போயிருச்சு’ என்றாள். அவர்கள் கேட்ட ஒரே கேள்வி, ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சோப்பு டப்பாவுக்குள் இருந்தது. வெட்கங்கெட்டுப்போய் அதை எப்படிச் சொல்வாள்? விழாவை நிறுத்தச் சக்தியில்லாமல், கடைசியில் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். பொத்தான் தன் கையில்தான் இருக்கும், வேறு அளவாளர் வேண்டாம்.

விழா அன்று பொள்ளாச்சி சாலை மண்டபம் நிறைந்திருந்தது. பெண்களெல்லாம் காதோரக் கருவி தெரியும்படி தூக்கிக் கொண்டை போட்டு, கருவிக்குக் கல் பதித்த உறை மாட்டியிருந்தார்கள். யாரும் சாப்பிட்டுவிட்டு வரவில்லை. விழா முடிந்துதான் பந்தி என்பதால் எல்லோர் வயிற்றிலும் வெறும் காபி. சமையற்கட்டிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தன.

ஆதினி தாய்மாமன் ஹரீஷ் மடியிலிருந்து இறங்கி இலை முன்னால் உட்கார்ந்தாள். காதில் புதுக் கருவி, கற்றுக்கொள்ளத் தயாராக வெள்ளையாக மினுக்கியது. பேசுவதெல்லாம் ஊருக்குக் கேட்க வேண்டும் என்று தாரிகாவின் சேலையில் ஒலிவாங்கி ஒன்றைக் குத்தியிருந்தார்கள். முதல் அத்தை சந்தகை வைத்தாள். தேங்காய்ப்பால் ஊற்றினாள். பிள்ளைக்கு ஆசை தாங்கவில்லை. வீட்டில் சாப்பிடுவதுபோலவே ஒரு வாய் அள்ளினாள், இன்னொரு வாய் அள்ளினாள். முழங்கைக்குப் பால் வழிந்தது.

“அட, பொண்ணு நல்லாவே சாப்புடுதே!” என்று முன்வரிசையில் ஒரு குரல். கொல்லென்று சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புதான்.

ஆதினியின் கை இலையிலேயே நின்றது. முழங்கையைப் பாவாடையில் துடைத்தாள். காது மடல் சிவந்துபோனது. அம்மாவைப் பார்த்தாள், இலையைப் பார்த்தாள்.

“போதுங்க,” என்றாள்.

மேளக்காரர் கோலை ஓங்கினார். தாரிகா கையிலிருந்த பொத்தானின் சின்னத் திரை எல்லாவற்றையும் காட்டியது. இதயம் தடதடவென்று ஓடுகிறது. தோல் சுடுகிறது. தொண்டை இறுகியிருக்கிறது. இரைப்பை முக்கால்வாசி காலி. இதைத்தான் பதியப் போகிறது. இத்தனை வருஷமாக இதைத்தான் பதிந்துகொண்டிருந்தோம். சின்ன வயதில் இதே மாதிரி மேடையில், இன்னொரு வடை வேண்டும் என்ற ஆசையை விழுங்கிக்கொண்டு ‘போதும்’ என்று சொன்ன நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளிக்கத்தான் போனாள்.

“மேடம், அமுக்குங்க, போட்டோ எடுக்கணும்,” என்றார் புகைப்படக்காரர்.

“புள்ளைக்கு இன்னும் பசி இருக்குதுங்க,” என்றாள் தாரிகா. ஒலிபெருக்கி அதை மண்டபம் முழுக்கச் சொன்னது.

“பசி இருந்தா அவ சொல்லமாட்டாளா? போதும்ங்கறாளே,” என்றாள் மாமியார்.

“வெக்கத்துல சொல்றாளுங்கத்தை.”

“வெக்கப்பட்டா நல்லதுதான கண்ணு! நீ அமுக்கு.”

“தாரிகா, எல்லாரும் பாக்கறாங்க,” என்று பல்லைக் கடித்தான் கவின். “உனக்கு மட்டும் எல்லாந் தெரியுமா? எப்படித் தெரியும்?”

மறுபடியும் அதே கேள்வி. தாரிகா மகளைப் பார்த்தாள். ஆதினி எச்சில் கையை மடியில் ஒளித்துக்கொண்டு, தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் தாரிகாவால் பொறுக்க முடியவில்லை.

“தெரியுமுங்க. நான் தின்னவளுங்க,” என்றாள். குரல் உடைந்தது. “தெனமும் குளியலறைல ஒக்காந்து தின்னேன். சோப்பு டப்பால ஒளிச்சு வச்சு. சத்தம் கேக்கக் கூடாதுன்னு கொழாயத் தொறந்து விட்டுட்டு, இதக் கழட்டி வச்சிட்டு. வயிறு வெடிக்கிற வரைக்கும் திம்பேன். தின்னு முடிச்சுட்டுக் கண்ணாடியப் பாத்து என்னை நானே காறித் துப்பிக்குவேன். மறுநாள் பட்டினி கெடப்பேன். மறுபடியும் திம்பேன். இந்த மாதிரி மேடைல ஒக்காந்து போதும்னு சொன்ன நாள்ல இருந்து இதுதானுங்க என்ற பொழப்பா இருந்துச்சு. என்ற புள்ளைக்கு இது வேண்டாம்.”

இப்போது யாராவது சிரிப்பார்கள், யாராவது காறித் துப்புவார்கள் என்று தாரிகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஒன்றும் கேட்காததால் கண்ணைத் திறந்தாள்.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். குனிந்ததால்தான் அது தெரிந்தது. முதலில் கவினின் காதோரம். பிறகு அண்ணன் ஹரீஷுக்கு. பரிமாறிய அத்தைமார்களுக்கு, வரிசையாக. முன்வரிசையில் சிரித்தவருக்கு. சர்வேஷுக்கு. புகைப்படக்காரருக்கு. மேளக்காரருக்கும்கூட. பட்டுப் பாவாடை கட்டிய சின்னப் பெண்களுக்கு. பின்வரிசை வரைக்கும், கல் உறைகளுக்குள்ளிருந்து, நீல விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒருத்தர் வயிற்றிலும் ஒரு பருக்கை இல்லை. இருந்தும் எல்லாக் கருவிகளும் ‘நிறைந்துவிட்டது’ என்றன. மேடையில் ஊர் பார்க்க அவை கற்றுக்கொண்டது வெட்கத்தை. இன்றைக்கு வெட்கம் வந்ததும் அடையாளம் கண்டுகொண்டன.

நாக்கு கசந்து சிலர் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் முந்தானையால் வாயைத் துடைத்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சர்வேஷின் சட்டைப்பையில் கைப்பேசி கணீரென்று ஒலித்தது. நிறையகத்தின் மைய நிலையத்திலிருந்து செய்தி, தானாகவே வாசித்தது. “வாழ்த்துகள்! உங்கள் நிகழ்ச்சியில் விருந்தினர் அனைவரும் ஒரே நேரத்தில் முழு நிறைவு அடைந்துள்ளனர். இது ஒரு சாதனை.” அவர் அதை அணைக்கத் தடுமாறினார்.

சமையல்காரர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். “பந்தி போடலாமுங்களா?”

முதலில் ஒரு குடும்பம் எழுந்தது. “தலை வலிக்குதுங்க, ஊட்டுக்குப் போயி தலைக்குத் தண்ணி ஊத்துனாத்தான் சரியாவும்,” என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனது. “எங்களுக்கும் ஒரே கசகசன்னு இருக்குதுங்க,” என்று இன்னொரு குடும்பம். அப்புறம் கூட்டம் கூட்டமாக எழுந்தார்கள். வாசலில் செருப்புத் தேடுகிற சத்தமும் வண்டிகள் கிளம்புகிற சத்தமும்தான் கேட்டது. கவின் மேடை ஓரம்வரை வந்தான். காதைக் கையால் பொத்திக்கொண்டு, அவனும் போய்விட்டான்.

“அம்மா, எல்லாரும் எங்க போறாங்க?” என்று கேட்டாள் ஆதினி.

“குளிக்க.”

“இந்த மத்தியானத்துலயா?”

தாரிகா மகள் காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். அது இன்னும் வெள்ளையாகவே மினுக்கியது. ஆதினி இலையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அந்தச் சந்தகைய சாப்புடட்டுமா? பசிக்குது.”

“சாப்புடு கண்ணு.”

தாரிகாவும் ஓர் இலையை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமையல்காரர் தேங்காய்ப்பால் வாளியோடு மேடை ஏறினார். தாரிகா முதல் வாயை எடுத்தாள். வாசல் பக்கம் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களோ என்று கண் போனது. அப்போதுதான் மாமியார் இன்னும் போகவில்லை என்பதைக் கவனித்தாள். தூண் பக்கத்தில் நின்று தாரிகாவின் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள் அவள்.

“உன்னுது ஏன் கண்ணு எரியல? உனக்கு வெக்கமா இல்லியா?” திட்டும் குரலில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

“செத்துரலாம்போல இருக்குதுங்கத்தை. ஆனா இதுக்கு அது தெரியாது. கதவச் சாத்திக்கிட்டு வயிறு நெறைய வச்சு அளவு புடிச்சேனுங்க, அதுனால இதுக்கு வயிறு மட்டுந்தான் தெரியும்.”

ஐஸ்வர்யா அம்மாள் மேடைப் படியில் கை ஊன்றி ஏறினாள். காதிலிருந்து நிறையணியைக் கழற்றி, நீலம் இன்னும் அணையாத அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். பேத்திக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒரு எலை போடச் சொல்லு,” என்றாள். இலை வந்தது, சந்தகை வந்தது. கையை இலையில் வைத்துவிட்டு, எடுக்காமல் வாசலைப் பார்த்தாள். “அந்தக் கதவ மட்டும் சாத்திட்டு வந்துரு கண்ணு. யாராச்சும் பாத்துட்டா…”

தாரிகா கையைக் கழுவாமலே எழுந்து போனாள். வெளியே கடைசி வண்டிகள் கிளம்பிக்கொண்டிருந்தன. மண்டபத்தின் இரட்டைக் கதவில் ஒன்றை இழுத்துச் சாத்தினாள். இன்னொன்றின் மேலும் கை வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதைத் திறந்தபடியே விட்டுவிட்டு வந்து, இலை முன்னால் உட்கார்ந்தாள்.